சேற்றில் சிக்கிய கவச மோட்டார்

சாந்தோமில் ஆரோக்கியநாதனைத் தெரியாதவர்கள் இருக்கலாம். அவர் மெசபடோமியாவில் சண்டை போட்டது தெரியாதவர்கள் கிடையாது. ஞாயிறு பூசை முடிந்து வெளியே வருபவர்களில் யாராவது ஒருவர் அவர் கையில் அகப்படுவார். பஸ்ரா, பாலைவனம், கவச மோட்டார், அதன் மேலிருந்த துப்பாக்கிக் கூண்டுக்குள் நின்று ஆரோக்கியநாதன் துருக்கியரைச் சுட்டது எல்லாவற்றையும் கேட்டு முடித்த பிறகுதான் அந்த மனிதர் வீட்டுக்குப் போக முடியும்.

உண்மையில் அவர் அங்கே ராணுவச் சாமான் கிடங்கில் குமாஸ்தாவாக இருந்தார். துப்பாக்கிகளை ஆணி அடித்த பெட்டியாகத்தான் பார்த்திருக்கிறார். இது மனைவி நோராவுக்குத் தெரியும். பதினேழு வருஷமாக அவள் வாயைத் திறக்கவில்லை. போர்வீரரின் மனைவி என்றால் நாலு பேர் எழுந்து இடம் கொடுக்கிறார்கள். குமாஸ்தாவின் மனைவிக்கு யார் எழுந்திருப்பார்கள்?

முப்பத்தைந்தாம் வருஷம், சக்கரவர்த்தியின் வெள்ளி விழாவுக்காகப் பள்ளிக்கூட மண்டபத்தில் பொருட்காட்சி வைத்தார்கள். பரிசு கொடுக்க ஓய்வுபெற்ற கர்னல் ஒருவர் வருவதாகப் பங்குச் சாமியார் அறிவித்ததும் ஆரோக்கியநாதனுக்கு இருப்புக்கொள்ளவில்லை.

"நான் பார்த்த சண்டையை அப்படியே மேஜை மேல கொண்டாந்து வைக்கறேன், சாமி" என்று வாக்குக் கொடுத்துவிட்டார்.

கடற்கரை மணலைச் சலித்துப் பாலைவனம் செய்தார். பச்சைக் காகிதத்தை வெட்டிப் பேரீச்ச மரங்கள் செய்தார். மோட்டாரில்தான் இடித்தது. கவச மோட்டாரின் முன்பக்கம் எப்படியிருக்கும் என்று அவருக்கு நினைவில்லை. நினைவிருக்கக் காரணமும் இல்லை. கச்சேரி ரோட்டில் தகர வேலை செய்யும் மெஹபூப் அலி யுத்தத்தில் அந்த மோட்டாரை ஓட்டியவர் என்று யாரோ சொன்னார்கள். ஆள் அனுப்பினார்.

வந்தவர் ஆரோக்கியநாதனின் முகத்தைச் சற்று அதிக நேரம் பார்த்தார்.

"சாரை எங்கியோ பாத்தாமாரி கீது."

"போர்முனையில பார்த்திருப்பே."

"இருக்கும் சார்" என்று சொல்லி மெஹபூப் அலி தகரம் வெட்ட உட்கார்ந்துவிட்டார்.

மூன்று வாரம் வேலை நடந்தது. நிஜ வண்டியின் ஓர் அடிக்கு இங்கே அரை அங்குலம். பிஸ்கட் டின்னை வெட்டி வளைத்து, ஈயம் வைத்துப் பற்றவைத்து, ரிவிட்டுகளுக்காகக் குண்டூசித் தலைகளை ஒவ்வொன்றாகப் பதித்தார். ஆரோக்கியநாதன் நாற்காலி போட்டு உட்கார்ந்து யோசனை வழங்கினார்.

"டிரைவருக்கு முன்னால பெரிய கண்ணாடி ஒண்ணு வை, அலி."

"கண்ணாடி வெச்சா அப்பால கவசம் எதுக்கு சார்? மொத குண்டுலயே டிரைவர் காலி."

"எனக்குத் தெரியாதா? உன்னைச் சோதிச்சுப் பார்த்தேன்."

நான்கு மோட்டார்கள் தயாராயின. முன்னால் மூன்று சீறிப் பாய்ந்தன. முதல் வண்டியின் கூண்டில் ஆரோக்கியநாதனின் மீசையோடு ஓர் ஈயப் பொம்மை நின்றது. நான்காவது வண்டியை மெஹபூப் அலி அச்சு வரைக்கும் களிமண்ணில் புதைத்து, சட்டையில்லாத நாலு பேர் அதைத் தள்ளுவதுபோல வைத்திருந்தார்.

"என்னய்யா அசிங்கம் இது! வெள்ளி விழாவில ராஜாவோட வண்டி சேத்துலயா நிக்கும்?"

"நின்னுச்சே சார்."

ஆரோக்கியநாதன் அதை மரங்களுக்குப் பின்னால் தள்ளி, மறைவுக்கு ஓர் ஒட்டகத்தையும் நிறுத்தினார்.

கர்னல் வந்தார். பாயும் மூன்று வண்டிகளுக்கும் ஒரு தலையசைப்புதான். பிறகு குனிந்து, ஒட்டகத்தை விரலால் ஒதுக்கிவிட்டு, அப்படியே நின்றுவிட்டார்.

"மழையில் நாங்களும் இப்படித்தான் கிடந்தோம். நீங்கள் எப்படி வெளியே எடுத்தீர்கள்?" என்று ஆரோக்கியநாதனிடம் இந்துஸ்தானியில் கேட்டார்.

ஆரோக்கியநாதன் ஒட்டகத்தைப் பழைய இடத்துக்கே நகர்த்தப் பார்த்தார். கூட்டத்தின் பின்னாலிருந்து மெஹபூப் அலி அதே பாஷையில் பதில் சொன்னார். கர்னல் விழுந்து விழுந்து சிரித்தார்.

"என்ன சொல்றார், நாதன்? எங்களுக்கும் சொல்லும்" என்றார் சாமியார். தமக்கு இந்துஸ்தானி தண்ணீர்பட்ட பாடு என்று பதினேழு வருஷமாகச் சொல்லிவந்தவர் எப்படித் தப்புவார்?

"சக்கரத்துக்கு அடியில போடச் சாக்கு வேணும்னு கிடங்குக்கு ஓடினாராம். அங்கே இருந்த குமாஸ்தா..." குரல் இறங்கியது.

"சத்தமா, நாதன்!"

"குமாஸ்தா, மனுவை மூணு நகல் எழுதித் தரணும்னாராம். கொட்டற மழையில. எழுதிக் குடுத்தா, மை கலைஞ்சிருக்கு, திரும்ப எழுதுன்னாராம். அதுக்குள்ள வண்டி பாதி முழுகிடுச்சாம்."

மண்டபமே சிரித்தது. கர்னல் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"ஒவ்வொரு கிடங்கிலும் அப்படியொரு கழுதை இருந்தான்! நீங்களும் பார்த்திருப்பீர்களே?"

ஆரோக்கியநாதன் மெஹபூப் அலியைப் பார்த்தார். மெஹபூப் அலி மிகுந்த அக்கறையோடு ஒட்டகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நிறையப் பார்த்திருக்கேன், துரை."

நோராவுக்கு இருமல் வந்துவிட்டது.

மேஜையில் எழுதியிருந்த பெயர் ஆரோக்கியநாதன் என்பதால் வெள்ளிக் கோப்பை அவருக்குப் போயிற்று. கூட்டம் கலைந்ததும் மெஹபூப் அலி சேற்று வண்டியைக் கையில் எடுத்தார்.

"இத்த நான் எடுத்துக்கினு போறேன் சார். மனு எதுனா எழுதணுமா?"

ஆரோக்கியநாதன் கோப்பையைத் துடைத்துக்கொண்டே இருந்தார். மெஹபூப் அலி வண்டியைத் துண்டில் சுற்றிக்கொண்டு போய்விட்டார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை யாருக்கும் துருக்கியர் வேண்டியிருக்கவில்லை. "அந்தக் குமாஸ்தா கதையைச் சொல்லுங்க" என்று அவர்களே வந்து சூழ்ந்துகொண்டார்கள். முதலில் தயங்கித் தயங்கித்தான் சொன்னார். மூன்றாம் வாரம் குமாஸ்தாவுக்குத் தொப்பை வைத்தது. ஐந்தாம் வாரம் அவன் லஞ்சமும் வாங்கினான். கிறிஸ்துமஸ் அன்று சொன்னபோது ஆரோக்கியநாதனின் குரல் நடுங்கியது. கண்ணில் நிஜமான நீர்.

"அந்தப் பாவி மட்டும் இன்னைக்கு என் கையில கிடைச்சான்னா!"

பக்கத்தில் நின்ற கிழவர் ஒருவர் அவர் தோளைத் தட்டிக்கொடுத்தார்.

"நேரமாச்சு, வாங்க" என்றாள் நோரா.