லண்டன் போன்

படித்துறைப் பக்கத்துச் சந்தில் தொலைபேசி ஒன்றே ஒன்றுதான். அதுவும் அப்துல் பாரியின் அரிசிக் கடையில். யார் வீட்டுக்கு வெளிநாட்டிலிருந்து அழைப்பு வந்தாலும் போட்டாதாங் பேட்டையில் பாதிப் பேர் அந்தக் கடைப் பெஞ்சில் வந்து உட்கார்ந்துவிடுவார்கள். அதற்கு ஒட்டுக்கேட்பது என்று பெயரில்லை. போகாவிட்டால்தான் போன் வந்த வீட்டார் கோபித்துக்கொள்வார்கள்.

2009ஆம் வருஷத் தவக்காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், ஆன்மேரியின் முறை. வாரமெல்லாம் கிடங்கில் உளுந்தில் கல் பொறுக்குகிறவள் அன்று முகத்துக்குப் பர்மியப் பெண்கள்போல் தனக்காச் சாந்து பூசி, பெஞ்சின் நுனியில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் அலோன் பேட்டையிலிருந்து வந்திருந்த ஊ ஆபிரகாம்; 'ஊ' என்றால் ஐயா மாதிரி. துறைமுக ஆபீசில் குமாஸ்தாவாக இருந்தவர். எதையும் சரிபார்க்காமல் நம்பமாட்டார். அவர் மகனுக்கு ஆன்மேரியின் மகள் தெரேசாவைப் பேசியிருந்தார்கள். பெண்ணுக்கு அப்பன் இல்லை, இருப்பதோ வாடகை அறை. அத்தனையையும் ஈடுகட்டியது லண்டன் ஓட்டலில் வேலை பார்க்கும் தாய்மாமன் பிலிப். அவன் குரலைக் காதால் கேட்டுவிட்டால் ஈஸ்டர் கழிந்ததும் கல்யாணம்.

மணி அடித்தது. ஆன்மேரி எடுத்தாள்.

"அக்கா, ஓட்டல்ல பாதிப் பேர நிறுத்திட்டாங்க. என்னையும். இருந்த ரூமும் போச்சு."

ஆன்மேரி பெஞ்சைப் பார்த்தாள். பெஞ்சு அவள் வாயைப் பார்த்தது.

"லீவா? நல்லதுடா, ஒடம்புக்கு ஓய்வு!" என்று கத்தினாள். "சம்பந்தி வந்திருக்காரு. உன் குரல் கேக்கணுமாம்."

பிலிப் அதைக் காதில் வாங்காததுபோல் மேலே சொன்னான்.

"மாதா கோயில் வாசல்ல தருமச் சாப்பாட்டுக்கு வரிசையில நிக்கிறேன்க்கா. எனக்கு முன்னாடி ஒரு வெள்ளக்கார நர்ஸம்மா, போட்ட யூனிபாரத்தோட, ரெண்டு பிள்ளையக் கையில பிடிச்சுக்கிட்டு. வேலைக்குப் போறவங்களே நிக்கிறாங்க."

"கோயில்ல விருந்தாம்! வெள்ளக்காரங்களோட சேந்து சாப்பிடுறான்."

"கறியா, மீனா? கேளேன் மேரி," என்றாள் முறுக்கு விற்கும் கமருன்னிசா.

ஆபிரகாமின் புருவம் ஏறியது. "தவக்காலத்துலயா விருந்து?"

"அங்கெல்லாம் அப்படித்தானாம்," என்றாள் ஆன்மேரி. கழுத்து வியர்வையில் தனக்கா கரைந்து இறங்கியது.

"அக்கா, ஊருக்குத் திரும்புறவங்களுக்கு ஒரு எடத்துல டிக்கெட் எடுத்துத் தராங்க. நீ வான்னு ஒரு வார்த்தை சொல்லு. நாளைக்கே போய்ப் பேரு கொடுத்திடுறேன். என்னால முடியலக்கா."

வா. ஒரே எழுத்து. நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. ஆபிரகாம் காதைக் கையால் குவித்து முன்னால் சாய்ந்திருந்தார். கடைக்கு வெளியே தெரேசா, எதுவும் கேட்காதவள்போல் தலைமயிரைப் பின்னிப் பின்னி அவிழ்த்துக்கொண்டிருந்தாள்.

"கல்யாணத்துக்கு வரமுடியலன்னு இப்படியா அழுவ?" என்றாள் ஆன்மேரி. "இப்ப வராத. அங்கேயே இருடா. வேலைதான் முக்கியம்."

ஆபிரகாம் கையை நீட்டி ரிசீவரை வாங்கிக்கொண்டார். முதலில் இரண்டு வாக்கியம் இங்கிலீஷ். அது தீர்ந்ததும் தமிழ். ரிசீவரை வைத்தபோது முகம் மலர்ந்திருந்தது.

"தம்பிக்கு நிக்க நேரமில்லையாம். முன்னாடி ஆளு நகந்துடுச்சாம், போகலன்னா எடம் போயிடுமாம். லண்டன்னா சும்மாவா! கல்யாணம் முடிஞ்ச கையோட நம்ம பையனையும் அங்க கூப்பிட்டுக்கணும்னேன். சரின்னுட்டாரு. ஒரு பேச்சு மறுக்கலம்மா!"

"அங்க குளிரு எலும்புக்குள்ள எறங்குமாமே," என்றாள் கமருன்னிசா. "மேரி, மாப்பிள்ளைக்கு இப்பவே சுவெட்டர் பின்ன ஆரம்பிச்சிடு."

"பையன் என் அளவுதான்." ஆபிரகாம் எழுந்து இரண்டு கைகளையும் விரித்து நின்றார். அந்தப் புழுக்கத்தில் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. பெஞ்சு சிரித்தது. அப்துல் பாரி சாக்கு தைக்கும் சணலை அவர் தோளுக்குத் தோள் பிடித்து அளந்து, வெட்டி, ஆன்மேரியிடம் நீட்டினார்.

"ஒரு விரக்கடை கூட்டியே பின்னுங்க," என்றார் ஆபிரகாம், விரித்த கையை இன்னும் இறக்காமல். "உள்ள ரெண்டு சட்டை போடுவான்ல?"

ஆன்மேரி தலையாட்டிக்கொண்டே சணலை ஆள்காட்டி விரலில் சுற்றினாள், விரல் நுனி வெளுக்கும்வரை.