ஒளித்து வைத்த குடம்

கிழக்கு வெளுப்பதற்குள் பாதி லாரிக்கு மூட்டை ஏறிவிட்டது. நெல் அவிக்கும் தொட்டிகளிலிருந்து எழுந்த ஆவி, புளித்த வாடையோடு மில்லின் கூரைக்கடியில் அடைந்து நின்றது. அந்த வெக்கையில் சாமிதுரைக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. சிறுநீரகம் இரண்டும் கைவிட்ட ஆளுக்குத் தாகம் தனி நோய். நாளெல்லாம் ஒரு செம்புத் தண்ணீருக்கு மேல் அவன் குடிக்கக் கூடாது.

அதற்காகவே கூடச் சுமை தூக்கும் கூட்டாளிகள் தண்ணீர்க் குடத்தைக் கொட்டகைக்குப் பின்னால் கொண்டுபோய் ஒளித்து வைத்திருந்தார்கள். அவன் எதிரில் யாரும் ஒரு மடக்குக் குடிப்பதில்லை. அதைப் பற்றி அவனிடம் பேசியதுமில்லை. அவன் சாக்கு தைப்பான்; அவன் பங்கு மூட்டைகளை மற்றவர்கள் சுமப்பார்கள். வேலையில் பெயர் இருந்தால்தான் ஈ.எஸ்.ஐ. காப்பீட்டு வைத்தியம், அந்த வைத்தியம் இருந்தால்தான் தஞ்சாவூரில் டயாலிசிஸ். மனைவி காத்தாயி தன் சிறுநீரகத்தைத் தர ஓடினாள். அவளுக்குச் சர்க்கரை என்று டாக்டர்கள் திருப்பி அனுப்பிவிட்டார்கள். இனி எங்கோ ஒருவர் சாக வேண்டும், அவர் வீட்டார் மனமிரங்க வேண்டும். இன்னொருவர் சாவுக்குக் காத்திருப்பதை நினைத்தாலே சாமிதுரைக்குக் கூசும்.

முதலாளி பஞ்சநதம் அன்று விடியலிலேயே காரில் வந்துவிட்டார். பின்னால் சூப்பர்வைசர் பிரபு. கூடவே புதிதாக இரண்டு தடியன்கள்.

"இது மில்லா, தர்ம ஆஸ்பத்திரியாய்யா? மூட்டை தூக்காதவன் பேரு இங்க எதுக்கு?" என்றார் பஞ்சநதம்.

"அவன் பங்கை நாங்க தூக்குறோங்க," என்றான் சாமிதுரையின் பால்ய சிநேகிதன் நெடுமாறன். "ஒரு மூட்டை குறைஞ்சிருக்கா சொல்லுங்க."

"அப்ப ஆளு ஒண்ணு அதிகம்னுதானே அர்த்தம்? இன்னையோட கழிச்சுடறேன். பேரு வேணும்னா அவனே தூக்கிக் காட்டட்டும்."

சாமிதுரை எழுந்தான். டயாலிசிஸ் ஊசிக்காக ரத்தக்குழாயை இணைத்துத் தைத்த இடது முன்கை, கயிறாகப் புடைத்துத் துடித்துக்கொண்டிருந்தது. அந்தக் கையில் பாரம் கூடாது. அடி படவே கூடாது. ரோஷம் கண்ணை மறைத்தது.

"தூக்குறேங்க."

ஆனால் மூட்டையைத் தன் முதுகில் தானே ஏற்றிக்கொள்ள எந்தச் சுமைக்காரனாலும் முடியாது. இருபுறமும் இரண்டு பேர் கொக்கி மாட்டித் தூக்கிவிட வேண்டும். சாமிதுரை குனிந்து நின்றான். யாரும் அசையவில்லை.

"ஏத்திவிடுங்கடா."

"மாட்டோம்டா." நெடுமாறன் கொக்கியைத் தரையில் வீசினான். ஒன்றன்பின் ஒன்றாக எல்லாக் கொக்கிகளும் சிமெண்டுத் தரையில் விழுந்தன.

பஞ்சநதத்தின் முகம் கறுத்தது. "பிரபு, நீ ஏத்துடா!"

பிரபுவும் ஒரு தடியனும் கொக்கி மாட்டினார்கள். பழக்கமில்லாத கைகள். மூட்டை முதுகில் உட்காராமல் தோளில் இடித்துச் சரிந்தது. சாமிதுரை பதறி இடது கையால் தாங்கினான். மூட்டையோடு பிரபுவின் கொக்கியும் இறங்கி அந்தக் கையைக் கிழித்தது. ரத்தம் பம்புசெட்டுத் தண்ணீராகப் பீறிட்டுச் சாக்குகளை நனைத்தது.

நெடுமாறன் பாய்ந்து பிரபுவைச் சுவரில் மோதினான். பிரபுவின் மூக்கு உடைந்தது. கீழே கிடந்த கொக்கியை எடுத்து அவன் கழுத்துக்கு நேராக ஓங்கினான். தடியனின் கம்பு முதுகில் இறங்கியும் அவன் திரும்பவில்லை.

"மாறா!" சாமிதுரை தரையிலிருந்து கத்தினான். "அவனை விடுடா. என் கையைப் புடிடா!"

கொக்கி விழுந்தது. நெடுமாறன் மண்டியிட்டு இரண்டு கட்டை விரலாலும் காயத்தை அழுத்தினான்.

நெல் காயவைக்கும் களத்திலிருந்து காத்தாயி ஓடிவந்தாள். "காரைக் குடுங்கய்யா!"

"சீட்டெல்லாம் ரத்தமாயிடும். ஆட்டோவைக் கூப்பிடு," என்றார் பஞ்சநதம்.

"எங்க ரத்தம் பட்ட அரிசியை மட்டும் விப்பீங்களா?"

லாரி டிரைவர் இராஜாங்கம் வண்டியைக் கிளப்பினான். "ஏறுங்க. லோடு கிடக்கட்டும்." திருவாரூர் ஆஸ்பத்திரி போய்ச் சேரும்வரை நெடுமாறன் விரலை எடுக்கவில்லை.

உயிர் தப்பியது. அந்தக் கை இனி டயாலிசிஸுக்கு உதவாது என்றார்கள். கழுத்தில் குழாய் போட்டார்கள். பஞ்சநதமோ, சாமிதுரை குடித்துவிட்டு வந்து விழுந்தான் என்று போலீசில் எழுதிக் கொடுத்து, மில் பதிவேட்டிலிருந்து பெயரையும் அடித்துவிட்டார். வாய் நிறையத் தண்ணீர்கூடக் குடிக்க முடியாதவன் மேல் அந்தப் பழி.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் சாமிதுரை நேராக மில் வாசலுக்குப் போனான். உச்சி வெயிலில் சுமைக்காரர்கள் அனைவரும் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். களத்துப் பெண்களும் வந்திருந்தார்கள். உள்ளே ஆவி இல்லை, சத்தமில்லை. அவன் பெயரைத் திரும்பச் சேர்க்கும்வரை ஒரு மூட்டையும் நகராது என்று இருந்தார்கள். அவனைக் கண்டதும் சட்டென்று ஒரு குடம் கூட்டத்துக்குள் மறைந்தது. எல்லார் உதடுகளும் வெடித்திருந்தன.

"குடத்தை எடுங்கடா," என்றான்.

ஒருவரும் எடுத்துத் தரவில்லை. அவனே தேடி எடுத்தான். வலது கையால் தூக்க முடியாமல் தடுமாற, காத்தாயி மறுபக்கம் பிடித்துக்கொண்டாள். செம்பில் ஊற்றி நெடுமாறனிடம் நீட்டினான்.

"இன்னும் எத்தனை நாள் உக்காரணுமோ. காஞ்சு செத்தா எனக்கு யாருடா இருக்கா? என் எதிர்லயே குடி."

நெடுமாறன் அழுதுகொண்டே குடித்தான். அவன் தொண்டை ஏறி இறங்குவதைச் சாமிதுரை தானே குடிப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தான்.

பின்னால் பஞ்சநதத்தின் கார் வந்து நின்று ஹாரன் அடித்தது. விடாமல் அடித்தது. யாரும் எழுந்திருக்கவில்லை. சாமிதுரை அடுத்த செம்பை ஊற்றினான்.