ஒரு பாட்டுக்கான காது

பிப்ரவரி 22, ஞாயிறு, மதியம். நேற்று எழுதியதில் ஒரு தவறு. 'மூணாவது மாடி' குழு மேடையேறுவது ஆறு மணிக்கு என்று எழுதிவிட்டேன். ஐந்தரைக்குத்தான். அக்காவிடம் திருத்திச் சொல்லியாயிற்று. வேறு எதிலும் தவறு இல்லை என்று நினைக்கிறேன். கிளம்பும் முன் மறுபடி ஒருமுறை பார்க்க வேண்டும்.

நாட்குறிப்பில் இப்படி எழுதியவன் பகலில் லிஃப்ட் பழுது பார்க்கிறான். மாலையில் அதே தொழிலுக்கான டிப்ளமா வகுப்புக்குப் போகிறான். தினமும் நாலு வரியாவது எழுதினால்தான் நடை திருந்தும் என்று வகுப்பாசிரியர் போகிற போக்கில் சொன்னதைப் பிடித்துக்கொண்டு ஒரு நாள் விடாமல் எழுதுகிறான். ஒரு கட்டடத்தில் வேலை முடித்துத் தெருமுனை வரை வந்துவிட்டவன், மோட்டார் அறையைப் பூட்டினோமா என்று சந்தேகம் வந்து திரும்பிப் போவான். பூட்டித்தான் இருக்கும். பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டு வருவான். அக்கா அவனுக்கு வைத்த பெயர் 'ரெண்டுதரம்'.

"ரெண்டுதரம், டிக்கெட் எடுத்துட்டியாடா?"

"எடுத்துட்டேன்."

"சரி, இன்னொரு தரம் பாரு. இல்லாட்டி உனக்குத் தூக்கம் வராது."

அவன் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தான். அக்கா சிரித்தாள். அவள் சிரிப்பு இந்த ஒரு வருடத்தில் கொஞ்சம் சத்தமாகியிருந்தது. தன் குரலின் அளவு அவளுக்குப் பிடிபடவில்லை.

பார்சல் கம்பெனியில் ஃபோன் எடுக்கிற வேலை அக்காவுக்கு. போன வருடம் ஒரு நாள் ஃபோனில் எதிர்முனைக் குரல் வரவில்லை என்று ஃபோன் ரிப்பேர்காரரை வாய்க்கு வந்தபடி திட்டித் தீர்த்துவிட்டாள். அவர் ரிசீவரை வாங்கி அவளுடைய இடது காதில் வைத்தார். பேச்சு கணீரென்று கேட்டது. ஃபோனில் பழுதில்லை. வலது காது போயிருந்தது. கேட்கும் நரம்பில் கட்டி, இரண்டு பக்கமும். வலதை இனி ஒன்றும் செய்வதற்கில்லை. இடதில் இருப்பதை எடுக்காவிட்டால் உயிருக்கு ஆபத்து, எடுத்தால் நரம்பும் கூடவே போகும். செவ்வாய்க்கிழமை ஆபரேஷன். நாளை திங்கட்கிழமை மருத்துவமனையில் சேர வேண்டும்.

"அந்த இரைச்சல்ல போய் நின்னு நின்னுதான் இப்படி ஆச்சு," என்றாள் அம்மா, வாசல் கதவைப் பிடித்தபடி. அதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை என்று டாக்டர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். "நாளைக்கு ஆஸ்பத்திரிய வச்சுக்கிட்டு இன்னைக்குக் கச்சேரி கேக்குதா உங்களுக்கு?"

"நாளைக்கு ஆஸ்பத்திரி, அதான்மா இன்னைக்குக் கச்சேரி," என்றாள் அக்கா. அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டு கதவை விட்டாள்.

'மூணாவது மாடி' பெரிய குழு ஒன்றும் இல்லை. ஒரு பாடகி, ஒரு கிட்டார், ஒரு ட்ரம்ஸ். லிஃப்ட் இல்லாத ஒரு கட்டடத்தின் மூன்றாவது மாடியில் பழகியவர்கள், அதனால் அந்தப் பெயர். வாடகை அரங்குகளிலும் காப்பிக் கடைகளின் பின்கட்டிலும் அவர்கள் பாடிய காலத்திலிருந்து அக்காவும் தம்பியும் முன்வரிசைதான். அவர்களிடம் 'படிக்கட்டு' என்றொரு பாட்டு உண்டு. அதைப் பதிவு செய்து வெளியிட்டதே இல்லை. மேடையில் மட்டும்தான் பாடுவார்கள். அந்தப் பாட்டைப் பதிவு செய்ய யாரும் ஃபோனைத் தூக்குவதும் இல்லை. யாரும் போடாத சட்டம், யாரும் மீறியதும் இல்லை. அதனால் அக்காவுக்கு அந்தப் பாட்டு வேண்டுமென்றால் நேரில் போய்த்தான் கேட்க வேண்டும். இன்றைக்கு விட்டால் இல்லை.

அதிலும் ஒரு சிக்கல். மிச்சமிருந்த இடது காது சீக்கிரம் களைத்துவிடும். பெரிய சத்தத்தைக் கொஞ்ச நேரம் தொடர்ந்து கேட்டாலே போதும், அப்புறம் எல்லாம் வெறும் இரைச்சலாகிவிடும். வெகுநேரம் அமைதியில் இருந்தால்தான் பழைய நிலைக்குத் திரும்பும். ஒரு பாட்டு தாங்கும், மிஞ்சினால் இன்னொரு பாதி. ஆகவே தம்பி ஒரு திட்டம் போட்டான். சுவரில் துளை போடும்போது மாட்டிக்கொள்ளும் கனத்த காதுமூடி ஒன்றை வேலையிடத்திலிருந்து கொண்டுவந்தான். அக்கா அதற்குள் பஞ்சும் வைத்துக்கொண்டு நிற்பாள். 'படிக்கட்டு' தொடங்கப்போகும் நொடியில் அவன் அவள் கையைத் தட்டுவான். அப்போது கழற்றினால் போதும்.

அந்த நொடி அவனுக்கு அத்துப்படி. 'படிக்கட்டு' எப்போதும் கடைசிப் பாட்டு. அதற்கு முன் ட்ரம்மர் தோளில் கிடக்கும் ஈரத் துண்டை எடுத்துச் சின்ன ட்ரம் மேல் விரிப்பார். சத்தம் அமுங்கி, கதவுக்குப் பின்னால் யாரோ நடப்பதுபோல் வரும். துண்டைக் கண்டதும் கூட்டம் "துண்டு! துண்டு!" என்று கத்தும். இன்னொன்றும் அவனுக்குத் தெரியும். நடுவில் பாடகி வேண்டுமென்றே 'படிக்கட்டு' முதல் வரிகளை எடுத்துவிட்டு, சட்டென்று நிறுத்திச் சிரித்து, வேறு பாட்டுக்குப் போய்விடுவாள். புதிதாக வந்தவர்கள் ஏமாந்துபோவார்கள். பழையவர்கள் ஏமாறமாட்டார்கள்.

விழா, பழைய சரக்குக் கிடங்கின் முற்றத்தில். எதிரும் புதிருமாக இரண்டு மேடைகள். ஒன்றில் முடிந்தால் அடுத்ததில் தொடங்கும். வாசலிலேயே 'விசில்' பிடித்துக்கொண்டார். எல்லாக் கச்சேரிக்கும் வரும் பருத்த மனிதர், வங்கியில் காசாளர். விரலை வாயில் வைத்தாரானால் நாலு தெருவுக்குக் கேட்கும்.

"என்ன மேடம், ரோடு போடுற இடத்துக்கு வந்த மாதிரி வந்திருக்கீங்க?" என்றார் காதுமூடியைப் பார்த்து. தம்பி அவரைத் தனியே இழுத்துப்போய் விஷயத்தைச் சொன்னான். அதன் பிறகு அவர் அன்று விசிலே அடிக்கவில்லை.

முதலில் பாடிய குழு நேரம் தெரியாமல் இழுத்தடித்ததால் 'மூணாவது மாடி' மேடையேறவே தாமதம். முதல் பாட்டு, இரண்டாம் பாட்டு, மூன்றாம் பாட்டு. அக்கா காதுமூடியோடு ஆடினாள். தரை வழியாகக் காலில் ஏறும் அதிர்வு அவளுக்குப் போதுமானதாக இருந்தது. வேர்த்த முகத்தோடு தம்பியைப் பார்த்து "எப்போ?" என்று வாயசைத்தாள். அவன் "பொறு" என்று கை காட்டினான்.

மூன்றாம் பாட்டு முடிந்ததும் பாடகி கிட்டார்காரரிடம் ஏதோ சொன்னாள். பிறகு ஓரத்தில் இருந்த கீபோர்டின் முன் உட்கார்ந்து தனியாகப் பாடத் தொடங்கினாள்.

*விளக்கை அணைச்சிடாதே, நான் இன்னும் படியேறி முடிக்கல...*

கூட்டம் அமைதியானது. விசிலின் உதடுகள் கூடவே அசைந்தன. அதைக் கண்ட அக்காவின் கை காதுமூடிக்குப் போனது. கண்கள் தம்பியிடம் கேட்டன.

அவன் ட்ரம்மரைப் பார்த்தான். குச்சிகள் மடியில் கிடந்தன. ஆள் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். துண்டு தோளில்தான் இருந்தது. இது அந்த விளையாட்டு, இதோ நிறுத்திவிட்டுச் சிரிக்கப்போகிறாள் என்று அவன் நினைத்தான். தலையை ஆட்டி, அக்காவின் கையைக் காதிலிருந்து இறக்கிப் பிடித்துக்கொண்டான்.

நாலு வரி போனது. சிரிக்கவில்லை. இரண்டாம் அடியும் வந்தது. இப்போது கழற்றச் சொல்லி அடுத்த வரியில் நிறுத்திவிட்டால்? அந்த ஒரு காது வீணாகிவிடும். கடைசியில் ட்ரம்ஸோடு முழுப்பாட்டு வரும்போது அவள் வெறும் இரைச்சலைக் கேட்டுக்கொண்டு நிற்பாள். துண்டு விழாமல் ஒரு கச்சேரியும் முடிந்ததில்லை. எல்லாவற்றையும் இரண்டுதரம் பார்க்கிறவன், அன்று தனக்குத் தெரிந்ததை மட்டும் சந்தேகப்படவில்லை. கையை இன்னும் இறுக்கிப் பிடித்தான். அக்கா பிடிவாதம் பிடிக்கவில்லை. தம்பிக்குத் தெரியும் என்று நின்றாள்.

பாட்டு முடிந்தது. கைதட்டல் அடங்கி, வேகமாக இன்னொரு பாட்டு வந்தது. அது முடியும்போது மேடையோரத்தில் நின்ற ஆள் இரண்டு கைகளையும் குறுக்காகக் காட்டினார். நேரம் முடிந்துவிட்டது. பாடகி கும்பிட்டாள். ட்ரம்மர் தோளிலிருந்து துண்டை எடுத்தார். முகத்தைத் துடைத்தார். பைக்குள் போட்டுக்கொண்டார்.

அக்கா இன்னும் மேடையைப் பார்த்தபடி, வரப்போகும் பாட்டுக்காகச் சிரித்த முகத்தோடு நின்றுகொண்டிருந்தாள்.

அவன் அவள் தோளைத் தொட்டான். அவள் காதுமூடியைக் கழற்றி, பஞ்சையும் எடுத்தாள். "துண்டு எங்கடா?"

"முடிஞ்சிருச்சுக்கா."

"என்ன முடிஞ்சிருச்சு?"

"பாட்டு. நடுவுல கீபோர்டுல பாடினாங்கல்ல, அதுதான்."

"நீ கையப் புடிச்சிட்டு இருந்தியே, அப்பவா?"

பின்னால் எதிர்மேடையில் அடுத்த குழு தொடங்கியது. தரை அதிர்ந்தது. அவன் அவள் இடது காதருகே குனிந்து கத்தினான். "துண்டு போடலக்கா. வெளையாடுறாங்கன்னு நெனச்சேன். உன் காது வீணாகிடக் கூடாதுன்னுதான்... நேரத்தைக் குறைப்பாங்கன்னு எனக்குத் தோணவே இல்லக்கா. தப்பு என்னோடதுதான். ரெண்டாவது அடி வந்தப்பவே கழட்டச் சொல்லியிருக்கணும்..." சொன்னதையே திரும்பத் திரும்பச் சொன்னான். அக்கா "விடுடா, சரி விடு" என்று அவன் முதுகைத் தட்டினாள். அவன் விடவில்லை. முதலில் தோன்றியதிலிருந்து கடைசியில் தோன்றியது வரை ஒன்றுவிடாமல் விளக்கினான். காதுமூடி அவன் கையில் சும்மா தொங்கியது.

"இங்க வாங்க! சீக்கிரம்!" விசில் மேடைக்குப் பின்னாலிருந்து மூச்சிரைக்க ஓடிவந்தார். கம்பி வேலிக்கு அந்தப் பக்கம் பாடகி நின்றிருந்தாள், தோளில் பையோடு. அவர் எல்லாவற்றையும் சொல்லியிருந்தார்.

"வண்டி நிக்குது, கோச்சுக்காதீங்க," என்றாள் பாடகி. "எந்தக் காதுங்க?"

தம்பி இடதைக் காட்டினான். அவள் கம்பிக்கு நடுவே முகத்தைக் கொண்டுவந்து, அக்காவின் காதுக்கு ஒரு சாண் தள்ளி, வாத்தியம் இல்லாமல் பாடினாள். தம்பிக்கு ஒவ்வொரு சொல்லும் கேட்டது. அக்கா கண்ணை மூடவில்லை. பாடகியின் உதட்டையே பார்த்தாள். தலையை மெல்ல ஆட்டினாள்.

'படிக்கட்டு' கடைசி அடிக்கு முன்னால் ஒரு இடைவெளி வரும். பாட்டு முடிந்துவிட்டதென்று புதிதாக வந்தவர்கள் அங்கே கைதட்டுவார்கள். அக்கா திரும்பி முறைப்பாள். "மூச்சு வாங்குறாங்க, பொறுங்க" என்பாள். எத்தனை பேரை அப்படி அடக்கியிருக்கிறாள்!

பாடகி மூச்சு வாங்க நிறுத்தினாள். அக்கா கைதட்டினாள்.

பாடகி ஒரு கணம் தயங்கினாள். கேட்டது போதும் என்கிறார்களோ என்று நினைத்திருக்க வேண்டும். கடைசி அடியைப் பாடவில்லை. கம்பி வழியே அக்காவின் கையைப் பிடித்தாள். "ரொம்ப நல்லாருந்துச்சுங்க," என்றாள் அக்கா, தேவைக்கு மீறிய சத்தத்தில். "அப்படியே உள்ள எறங்கிடுச்சு." விசில் கண்ணைத் துடைத்துக்கொண்டார். வண்டி கிளம்பியது.

தம்பிக்கு மட்டும் புரிந்தது. மேடையில் போன பாட்டு ஒருபக்கம் இருக்கட்டும். கையில் மூடியை வைத்துக்கொண்டு, மன்னிப்புக் கேட்டுக் கேட்டே அந்தக் காதைத் தீர்த்தவனும் அவன்தான்.

பேருந்து நிறுத்தம் இரண்டு தெரு தள்ளி, ஞாயிற்றுக்கிழமைக்குப் பூட்டிய கடைகளுக்கு நடுவில் இருந்தது. தெருவிளக்குகள் அப்போதுதான் எரியத் தொடங்கியிருந்தன. பேருந்து வந்தது. அக்கா ஏறவில்லை. அடுத்ததும் வந்து போனது. இருவரும் சிமென்ட் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். அவன் வாயைத் திறக்கவே பயந்தான்.

வெகுநேரம் கழித்து அக்கா விரலைக் காதருகே சொடுக்கிப் பார்த்தாள். "இப்பக் கேக்குது," என்றாள்.

"அக்கா, அங்க உனக்கு..."

"கேக்கலடா. தண்ணிக் குழாய்க்குள்ள காத்து போற மாதிரி இருந்துச்சு. அந்தப் பொண்ணு பாவம், வண்டிய நிறுத்திட்டு வந்து பாடுது. நான் என்ன சொல்ல?"

"நீ எந்த எடத்துல கைதட்டினேன்னு தெரியுமா உனக்கு?"

"உன் மூஞ்சியப் பாத்ததும் தெரிஞ்சுது."

அவன் குனிந்து செருப்பைப் பார்த்தான். "நான் வேணா பாடட்டுமா?"

அக்கா அவனை ஏற இறங்கப் பார்த்தாள். "அடப்பாவி. உன் குரல்ல அதக் கேட்டுட்டுப் போறதுக்கு, கேக்காமலே போயிடலாம்." சிரித்தாள். சிரிப்பு பாதியில் வேறு ஏதோ ஆகி, முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள். அவன் சும்மா இருந்தான். விடு என்றால் விட வேண்டும் என்பதை அன்று மாலைதான் கற்றிருந்தான், மிகத் தாமதமாக.

பிறகு அவள் இடம் மாறி, இடது காது அவன் பக்கம் இருக்கும்படி வந்து உட்கார்ந்தாள். தலையை அவன் தோளில் சாய்த்தாள்.

"ஏதாவது பேசுடா."

"என்ன பேச?"

"எதுவானாலும். மன்னிப்பு மட்டும் கேக்காத. மெதுவாப் பேசு, போதும்."

அவனுக்குத் தெரிந்தது நாளைய வேலை மட்டும்தான். அதையே சொன்னான், தாழ்ந்த குரலில், ஒவ்வொன்றாக. பழைய ஸ்கேன் எல்லாம் நீலப் பையில் இருக்கிறது, அதை மறக்கக் கூடாது. அம்மாவை ஆட்டோவில் கூட்டிவர விசில் வருவதாகச் சொல்லியிருக்கிறார். பத்து மணிக்கு மருத்துவமனையில் இருக்க வேண்டும். வழியில் எழுதுபொருள் கடை ஒன்பதுக்குத் திறக்கும். அங்கே இறங்கி, கையில் பிடிக்கிற அளவில் ஒரு வெள்ளைப் பலகையும், அழித்து அழித்து எழுதுகிற பேனா இரண்டும் வாங்க வேண்டும்.