ஆறாம் அறையின் கரி

கோட்டை அருங்காட்சியக வழிகாட்டியை எல்லோரும் பீரங்கி என்றுதான் கூப்பிடுவார்கள். ஆறாம் அறைக்கு வந்துவிட்டால் மனிதர் வெளுத்து வாங்குவார். கருத்துக் கிடக்கும் சுவரையும் அதில் மாட்டிய விளக்கப் பலகையையும் காட்டி, "முற்றுகையப்போ பீரங்கிப் புகை படிஞ்ச சுவருங்க இது" என்பார். கூட்டம் கைதட்டும்.

அது பச்சைப் பொய் என்று அவருக்கே தெரியும். வெள்ளைக்காரன் கட்டிய அந்தக் கோட்டை, அவன் போன பிறகு வெகுகாலம் போலீஸ் குடியிருப்பாக இருந்தது. ஆறாம் அறையில்தான் அவர் மனைவி பிறந்து வளர்ந்தாள். "அது எங்கம்மா அடுப்புக் கரிங்க" என்று அவள் தலைப்பாடாய் அடித்துக்கொண்டாள். "பலகையில அப்படித்தான் போட்டிருக்கு, நான் என்ன பண்ண?" என்று அவள் வாயை அடைத்துவிட்டார்.

அன்றைக்கு அருங்காட்சியக இயக்குநரம்மாவும் கூட்டத்தோடு வந்தார். பீரங்கியின் தற்காலிக வேலையை நிரந்தரமாக்குவதா வேண்டாமா என்று முடிவு செய்யத்தான். போதாக்குறைக்கு, இத்தனை நாள் எட்டிப் பார்க்காத மாமியாரும் மகளோடு வந்து நின்றார். பீரங்கி மாமியாரை ஓரமாகக் கூப்பிட்டார்.

"அத்தை, என் வேலை விஷயம். ஆறாம் ரூம்ல மட்டும் எதுவும் பேசிடாதீங்க" என்று கெஞ்சினார்.

"நான் எதுக்கு மாப்பிள்ளை பேசப்போறேன்? நீங்க உங்க வேலையப் பாருங்க."

ஆரம்பித்தால் மூச்சுவிடாமல் பேசுகிற அந்த அம்மாள், ஆறாம் அறையில் வாயே திறக்கவில்லை. அடுப்பு இருந்த மூலையைப் பார்த்தபடி ஓரமாக நின்றார். நாலு பிள்ளைகளுக்கு இருபது வருடம் அங்கேதான் பொங்கிப் போட்டிருக்கிறார். பலகையில் அதைப் பற்றி ஒரு எழுத்து கிடையாது.

"முற்றுகையப்போ..." என்று ஆரம்பித்த பீரங்கிக்கு, மாமியார் நின்ற மூலையைப் பார்த்ததும் மேலே ஓடவில்லை. சே, என்ன பிழைப்பு இது என்று தன்மேலேயே எரிச்சல் வந்தது. வேலை போனால் போகட்டும்.

"பலகையில இருக்கிறது தப்புங்க. இது என் மாமியார் அடுப்புக் கரி. இதோ நிக்கிறாங்க, இவங்கதான்."

இயக்குநரம்மா பலகையைப் பார்த்தார், பீரங்கியைப் பார்த்தார், பிறகு மாமியாரிடம் போனார்.

"அடுப்பு எந்த இடத்துலம்மா இருந்துச்சு?"

கேட்டதுதான் தாமதம். தொட்டில் கட்டிய கொக்கி, மழைக்கு ஒழுகிய இடம், புருஷன் தொப்பி மாட்டிய ஆணி என்று அந்த அம்மாள் காட்டிக்கொண்டே போக, கூட்டம் பின்னாலேயே சுற்றியது. இயக்குநரம்மாவுக்கு எழுதி மாளவில்லை.

"நாளையிலேர்ந்து இதையே சொல்லுங்க. உங்க ஆர்டர்ல இன்னிக்கே கையெழுத்து போட்டுடறேன்" என்றார் பீரங்கியிடம். பிறகு மாமியார் பக்கம் திரும்பி, "பலகையில என்னம்மா எழுதலாம்?" என்று கேட்டார்.

மாமியார் அடுப்பு மூலையை ஒருதரம் திரும்பிப் பார்த்தார்.

"இங்க ஒரு குடும்பம் சமைச்சு சாப்பிட்டுச்சுன்னு போடும்மா. அது போதும்."