பஹ்ரைன்காரி ரெஜிஷா

ஊராட்சி வார்டு உறுப்பினருக்கு ரெஜிஷா நின்ற அன்றே, அவள் இந்தியக்காரியே இல்லை என்ற பேச்சு இனயம் கடற்கரையில் கிளம்பிவிட்டது. அவள் பிறந்தது பஹ்ரைனில். அப்பா அங்கே ஓட்டல் சமையல்காரர். ஏழாம் வகுப்புவரை படிப்பும் அங்கேதான். இது போதாதா? எதிர்த்து நின்ற ஐஸ் கடை மரியான், மீன் ஏலம் விடுகிற இடத்தில் நின்று, “பஹ்ரைன்காரி ஜெயிச்சாலும் பதவி நெலைக்காது, கேட்டியளா” என்று கொளுத்திப் போட்டார். மிச்சத்தை வாட்ஸப் பார்த்துக்கொண்டது.

தேர்தல் அதிகாரி அவளுடைய இந்திய பாஸ்போர்ட்டைப் பார்த்து மனுவை ஏற்றுக்கொண்டார். ஊர்தான் ஏற்கவில்லை. ஓட்டுக் கேட்கப் போன இடத்தில், “மக்கா, ஒனக்க கல்யாணத்துக்கு அந்த நாட்டு ராஜா வந்தாராம்லா?” என்று ஒருத்தி வாஞ்சையாக விசாரித்தாள்.

“வந்திருந்தா மொய் வச்சிருப்பாரே அக்கா!” என்றாள் ரெஜிஷா. சிரித்துவிட்டாளே தவிர, வீட்டுக்கு வந்து கணவன் சிஜோவிடம் அழுதாள்.

மறுநாள் மத்தியானம் ரெஜிஷா ஓட்டுக் கேட்டுக்கொண்டே மரியானின் தெருவுக்குப் போனபோது அவர் வீட்டு முன்னால் கூட்டம். பஹ்ரைனில் மீன்பிடிக்கப் போயிருந்த அவர் தம்பி ஜிபினுடைய படகு இன்னும் கரை திரும்பவில்லையாம். படகு முதலாளியான அரபி திரும்பத் திரும்ப போன் செய்கிறார். அவர் பேசுவது ஒருவருக்கும் விளங்கவில்லை.

மரியானின் மனைவி ரீத்தா அவளைக் கண்டுவிட்டாள். “ஏட்டி ரெஜிஷா, ஓடி வா! இந்தாளு என்ன சொல்லுகான்னு கேளு!”

மரியான் அவள் முகத்தைப் பார்க்காமல் போனை நீட்டினார். தெருவே பார்த்துக்கொண்டு நிற்கிறது. இங்கே நாலு வார்த்தை அரபி பேசினால் போதும், புரளிக்கு முத்திரை குத்திய மாதிரி ஆகிவிடும். அது ரெஜிஷாவுக்கும் தெரியும். ரீத்தாவின் கண்ணீரைப் பார்த்தாள். போனை வாங்கினாள்.

முதலில் நாக்குத் தடுமாறியது. பிறகு பள்ளிக்கூடத்து அரபி மளமளவென்று வந்தது. பேசப் பேச அவள் முகம் மலர்ந்தது.

“இஞ்சின் பழுதாயிப் படகு நீரோட்டத்துல ஒழுகிப் போச்சாம். வேற படகு கெட்டி இழுத்துக் கரை சேத்தாச்சு. எல்லாரும் சொகம். ஜிபின் போன்தான் கடல்ல போச்சு. இப்பம் கொத்து பொரோட்டா திங்கானாம்!”

ரீத்தா அவளைக் கட்டிப்பிடித்துக் குலுங்கினாள். கூட்டத்தில் ஒருத்தி, “கண்டியளா, நான் அப்பளே சொன்னம்லா, இவ பஹ்ரைன்காரிதான்!” என்றதும் தெருவே சிரித்தது. ரெஜிஷாவுக்கும் சிரிப்பை அடக்க முடியவில்லை.

அன்று சாயங்காலம் மரியானின் பிரச்சார ஆட்டோவில் அவர் குரல் கேட்டது. “ரெஜிஷா நம்ம நாட்டுக்காரிதான். நான் சொன்னது பொய், மன்னிக்கணும். ஆனா ஓட்ட எனக்கே போடுங்க!”

ஊர் முதலாவதை மட்டும் கேட்டுக்கொண்டது. ரெஜிஷா ஜெயித்தாள். மாலை போட வந்த ரீத்தா அவள் காதோரம் குனிந்து, “எனக்க ஓட்டும் ஒனக்குத்தான் மக்கா. அந்த மனுசன்ட்ட மட்டும் பறஞ்சிராத” என்றாள்.