பிடி என் மனைவியின் பங்கு

என் மாமனார் இறந்த பிறகு அவருடைய பிள்ளைகள் சொத்தைப் பாகம் பிரித்துக்கொண்டார்கள். வீடு, கட்டில், பாத்திரம் எல்லாம் சண்டையில்லாமல் பிரிந்தன. வில் பட்டறைதான் பிரியவில்லை. ஓர் அறை, ஒரு ஜன்னல், ஒரு கம்பம். இதில் எதை வெட்டுவது? கடைசியில் வில்லையே பிரித்துவிட்டார்கள். பிடிக்கு மேலே இருக்கும் பாதிக்கு மேல்கை என்று பெயர். அது பெரிய மச்சானுக்கு. பிடிக்குக் கீழே இருக்கும் கீழ்கை சின்ன மச்சானுக்கு. நடுவில், கைக்குள் அடங்கும் அளவுக்கு, வளையாமல் நிற்கிற பிடி மட்டும் மிஞ்சியது. அதை என் மனைவிக்குக் கொடுத்தார்கள். பெண்பிள்ளையை வெறுங்கையோடு அனுப்பக் கூடாதாம்.

இனிப் பட்டறையில் செய்யும் எல்லா வில்லுக்கும் இதுதான் ஏற்பாடு. அம்புக்கும் உண்டு. ஓர் அம்பில் ஒட்டுகிற மூன்று இறகும் வாத்தின் ஒரே பக்கத்துச் சிறகிலிருந்து வர வேண்டும். இடமும் வலமும் கலந்தால் அம்பு குடிகாரனைப் போலப் போகும். அதனால் இடச்சிறகு பெரியவருக்கு, வலச்சிறகு சின்னவருக்கு. வாத்து மட்டும் பொது. அதற்கு யார் தீனி போடுவது என்பதில் இழுபறி ஆகி, அந்த வேலையும் என் தலையில் விழுந்தது.

நான் அதுவரை ஒரு குளிர்பதனக் கிடங்கில் இரவுக் காவல் பார்த்தேன். ஒரு நாள் பாதி வேலையில் கதவைப் பூட்டி, சாவியை மேலாளர் அறை ஜன்னல் வழியாக உள்ளே போட்டுவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். பகலில் தூங்கி ராத்திரியில் விழிப்பவனுக்கு எந்த மனுஷனோடும் ஒட்டு இருக்காது. என் மனைவி இரண்டு வாரம் பொறுத்தாள். பிறகு தன் பங்கு அங்கே சும்மாதானே கிடக்கிறது, போய் உட்காருங்கள் என்று அனுப்பிவிட்டாள். அப்படித்தான் நான் பிடியின் சார்பில் பட்டறைக்குப் போனேன். தரையில் சுண்ணாம்புக் கோடு போட்டிருந்தார்கள். கோட்டின் மேலே என் முக்காலி. அம்பு செய்வது ஒரு வேலை. மச்சான்கள் இருவரும் பேசிக்கொள்வதில்லை என்பதால் இவர் பேச்சை அவருக்கும் அவர் பேச்சை இவருக்கும் கொண்டுபோவது இன்னொரு வேலை. மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்கள். மத்தளத்துக்காவது நடுநடுவே ஓய்வு உண்டு.

அப்போதுதான் பல் டாக்டர் வந்தார். குள்ளமான, பொறுமையான மனிதர். ஓய்வு நாட்களில் வேட்டைக்குப் போகிற கூட்டத்தில் ஒருவர். கூட்டாளிகள் எல்லாரும் கப்பி வைத்த இரும்பு வில்லோடு அலைகிறார்கள் என்றும், தனக்கு மரத்தில் செய்த வில் வேண்டும், அதில் ஒரு காட்டுப்பன்றியை அடிக்க வேண்டும் என்றும் சொன்னார். வேட்டை ஆபீஸில் வில்லை இழுத்துப் பார்த்து, அடிக்கப்போகும் பிராணிக்கு உரிய பலம் இருந்தால் பிடியில் முத்திரை சுட்டுக் கொடுப்பார்கள். முத்திரை விழுந்தால் அவர் வாங்கிக்கொள்வார். பின்னாலேயே அவருடைய கூட்டாளிகளும் முன்பணத்தோடு வருவார்கள். முத்திரை விழாவிட்டால் பட்டறையை மூட வேண்டியதுதான். வேறு யாரும் எங்களைத் தேடி வரவில்லை. காய்ந்த மரமும் ஒன்றே ஒன்றுதான் கையிருப்பு. மற்றதெல்லாம் பச்சை மரம், காய மாதங்கள் ஆகும். பட்டறை மூடினால் எனக்குக் கிடங்குதான். என் இடத்துக்கு இன்னும் ஆள் கிடைக்கவில்லை என்று மேலாளர் சொல்லி அனுப்பியிருந்தார்.

வில் செய்வதில் மரத்தைச் செதுக்குவது பெரிய காரியமில்லை. இரண்டு கையையும் ஒரே மாதிரி வளைய வைப்பதுதான் காரியம். கம்பத்தின் உச்சியில் பிடியை உட்காரவைத்து, நாணைக் கயிற்றில் மாட்டிக் கீழே இழுத்தால் இரண்டு கையும் வளையும். தள்ளி நின்று பார்க்க வேண்டும். எது விறைப்பாக நிற்கிறதோ அதை உள்பக்கம் கொஞ்சம் சுரண்ட வேண்டும். மறுபடி இழுக்க வேண்டும். சுரண்டச் சுரண்ட வில் இளகும். சுரண்டிய மரத்தைத் திரும்ப ஒட்ட முடியாது. அதனால் ஒரே ஆள், ஒரே கண்ணால் பார்த்துச் செய்ய வேண்டிய வேலை இது.

எங்களிடம் நான்கு கண் இருந்தது.

"மாப்ள, கீழ்கைக்காரர்கிட்ட சொல்லுங்க, அவர் பக்கம் உலக்கை மாதிரி நிக்குது" என்றார் பெரிய மச்சான். கீழ்கைக்காரர் எட்டிக் கை நீட்டினால் தொடும் தூரத்தில் இருந்தார். நான் திரும்பி, உலக்கையை மட்டும் விட்டுவிட்டுச் சொன்னேன். சின்னவர் சுரண்டினார். இழுத்துப் பார்த்தோம். இப்போது மேல்கை விறைப்பு.

"மாப்ள, மேல்கைக்காரருக்குக் கண்ணு தெரியுதான்னு கேளுங்க."

பெரியவர் சுரண்டினார். கொஞ்சம் கூடுதலாகவே சுரண்டினார், ரோஷம். இப்போது கீழ்கை விறைப்பு. நியாயமாகச் சொல்ல வேண்டும், இருவரும் நல்ல வேலைக்காரர்கள். சுரண்டியை எடுத்தால் தாள் போலச் சீவல் விழும். ஆனால் தன் பங்கு அடுத்தவன் பங்கைவிட விறைப்பு என்ற பேச்சை இருவராலும் தாங்க முடியவில்லை.

டாக்டர் வாராவாரம் வந்தார். முதல் முறை வந்தபோது கயிற்றில் தராசைக் கட்டி இழுத்துக் காட்டினோம். பன்றிக்குப் பத்தாது. மான் போதும் என்றார். அடுத்த முறை மானுக்கும் பத்தவில்லை. கழுதை தேய்ந்து கட்டெறும்பு ஆகிக்கொண்டிருந்தது. நான் எதிர்பார்த்த கோபம் அவருக்கு வரவே இல்லை.

"பல்லுலயும் இதேதான். இந்தப் பக்கம் ராவினா அந்தப் பக்கம் இடிக்கும். அந்தப் பக்கம் ராவினா இங்க இடிக்கும். அவசரப்படாதீங்க" என்றார்.

அவரிடம் பல் காட்டக் கூடாது என்று முடிவு செய்தேன்.

ஒவ்வொரு முறையும் நான் அம்பை மாற்ற வேண்டியிருந்தது. இளகிய வில்லில் விறைத்த அம்பை வைத்தால் நேரே போகாமல் பக்கவாட்டில் விலகும். பன்றிக்குச் செய்த அம்புகளை மூலையில் சாய்த்துவிட்டு மானுக்குச் செய்தேன். மான் அம்புகளையும் சாய்த்துவிட்டு முயலுக்கு ஆரம்பித்தேன். சீவச்சீவ அவை விளக்குமாற்றுக் குச்சி ஆகிக்கொண்டு வந்தன. டாக்டர் முயலும் நல்ல பிராணிதான் என்று சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் மதியம் என் மனைவி சாப்பாடு கொண்டுவந்தாள். கம்பத்தில் இருந்த வில்லைப் பார்த்தாள், பிறகு தரையில் கணுக்கால் உயரம் கிடந்த சீவலைப் பார்த்தாள். சாப்பாட்டை என் முக்காலியில் வைத்துவிட்டு வில்லை இறக்கிக் கையில் எடுத்துக்கொண்டாள்.

"பிடி என் பங்கு. இனிமே என் பங்கைக் கம்பத்துல வைக்க நான் சம்மதிக்கல."

மேல்கை இன்னும் ஒரு மயிரிழை விறைப்பு என்று சின்னவர் என்னிடம் முறையிட்டார். அவரவர் கையை அவரவர் வைத்துக்கொண்டு என்ன வேண்டுமானாலும் செய்யட்டும், ஆனால் பிடி வராது என்றாள் அவள். இருவரும் சுரண்டிகளைக் கீழே வைத்தார்கள். பிறகு ஒரே சமயத்தில் என் பக்கம் திரும்பி, அவள் சொல்வது நியாயம்தான் என்று மற்றவரிடம் சொல்லச் சொன்னார்கள். அவர்கள் ஒத்துப்போய் நான் பார்த்தது அப்போதுதான். நான் சொல்லவில்லை. இருவருக்கும் காது இருந்தது.

வேட்டை ஆபீஸுக்கு டாக்டர் காரில் எல்லாரும் போனோம். முத்திரை பிடியில்தான் விழும் என்பதால் என் மனைவியும் வந்தாள். நீளமான அறை. ஒரு பக்கம் சுவர் முழுக்க விதிப் பலகை. கண்ணாடிக்குப் பின்னால் ஓர் அதிகாரி அம்மா. ஓரமாக ஒருவர் மின்சார அடுப்பில் முத்திரை இரும்பைப் பழுக்கவைத்துக்கொண்டு எங்களைப் பார்த்தார். வில்லைத் தராசுக் கொக்கியில் மாட்டினார்கள். லைசென்ஸ் கேட்கிறவர் தன் கைக்கு எட்டுகிற வரை இழுக்க வேண்டும், அப்போது முள் எங்கே நிற்கிறதோ அதுதான் கணக்கு. டாக்டர் தாடை வரைக்கும் இழுத்தார். அவருக்கு இருக்கிற கை அவ்வளவுதான். முள் முயலுக்கு இரண்டு கோடு கீழே நின்றுவிட்டது.

"இது காக்காவுக்குக் கூடப் பத்தாது சார்" என்றார் அதிகாரி.

"காக்காவுக்கு லைசென்ஸ் உண்டா?"

"கிடையாது."

டாக்டர் வில்லைத் தொங்கவிட்டார். பெரிய மச்சான் என் காதருகே வந்து, கீழ்கைக்காரரிடம் ஏதோ சொல்லச் சொன்னார். நான் கேட்கவில்லை. கிடங்கின் இரும்புக் கதவு கண்முன் வந்து நின்றது.

"மேடம், வில்லு ஒண்ணுதான். ஆனா இன்னும் பின்னால இழுத்தா முள்ளு கூடத்தானே காட்டும்?" என்றாள் என் மனைவி. "இவருக்குக் கை நீளம். இவரை இழுக்கச் சொல்லுங்க."

எல்லாரும் என் கையைப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன். அதிகாரி விதிப் பலகையைப் பார்த்துவிட்டு, தடையில்லை, ஆனால் லைசென்ஸ் இழுக்கிறவர் பெயரில்தான் வரும் என்றார். டாக்டர் அதற்கும் சரி என்றார். வில் தன்னுடையது, கை மட்டும் என்னுடையது, அவர் கூடவே வந்து முயலைக் காட்டுவார். நான் இழுத்தேன். நாண் டாக்டரின் தாடை நின்ற இடத்தைத் தாண்டி வந்தது. முள் நடுங்கி, கோட்டைத் தொட்டு, மேலே ஏறி நின்றது. இரும்புக்காரர் முத்திரையை எடுத்துப் பிடியில் அழுத்தினார். என் மனைவியின் பங்கிலிருந்து புகை வந்தது. மச்சான்கள் இருவரும் குனிந்து, தங்கள் பக்கம் சூடு பட்டதா என்று பார்த்தார்கள்.

அதிகாரி என் பெயரை எழுதிக்கொண்டு, ஒரு விஷயம் என்றார். முயல் இருக்கிற புதர்க்காட்டில் பகலில் ஜனங்கள் நடைப்பயிற்சி போகிறார்கள். பன்றிக்கும் மானுக்கும் உள்காடு, பகலில் அடிக்கலாம். முயலுக்கு மட்டும் பொழுது சாய்ந்த பிறகுதான் அனுமதி. விடிவதற்குள் வெளியே வந்துவிட வேண்டும்.

நான் மனைவியைத் தனியே அழைத்துப்போய்த் தெரிந்துதான் சொன்னாளா என்று கேட்டேன்.

"அதான் பலகைல எழுதியிருக்கே. நீங்க படிக்கலையா?"

"ராத்திரி வேலை வேணாம்னுதானே வந்தேன்."

"அங்க ராத்திரி முழுக்கப் பனிக்கட்டி. இங்க ஒரு டாக்டராவது கூட இருப்பார்."

யோசித்தேன். லைசென்ஸில் கையெழுத்துப் போடாவிட்டால் கிடங்கு, போட்டால் காடு. எந்தப் பக்கம் சாய்ந்தாலும் ராத்திரிதான். காட்டுக்கு மூடிப் பூட்டும் கதவு இல்லை. கையெழுத்தைப் போட்டேன்.

திரும்பும்போது பின் இருக்கையில் நான் நடுவில் உட்கார்ந்தேன். வில் எங்கள் மூவரின் மடியிலும் கிடந்தது, அவரவர் பங்கு அவரவர் மடியில். முன்னால் என் மனைவி ஜன்னலில் தலை சாய்த்துத் தூங்கிவிட்டாள். டாக்டர் உற்சாகமாக இருந்தார். அடுத்த வாரமே கூட்டாளிகளை அழைத்துவருவதாகச் சொன்னார். பெரியவர், முத்திரை கீழ்கைப் பக்கம் கொஞ்சம் சரிந்திருப்பதாக என்னிடம் சொன்னார். நான் சொல்லவில்லை. சின்னவர் ஜன்னலைப் பார்த்தபடி, சரியவில்லை என்றார்.

"இன்னிக்கே ஆரம்பிச்சிடலாமா? நான் வந்து கூட்டிட்டுப் போறேன்" என்றார் டாக்டர், கண்ணாடியில் என்னைப் பார்த்து.

வேண்டாம் என்றேன். ராத்திரி வேலைக்கு நடந்து போய்த்தான் எனக்குப் பழக்கம்.