வேற ஏதாவது சொல்லணுமா

கைக்குட்டையை அவள் மடியில் வைத்துவிட்டு நாத்தனார் மறுபடியும் குனிந்து முகத்தைப் பார்த்தாள். பால் பொங்கிவிட்டதா என்று அடுப்பை எட்டிப் பார்க்கிற மாதிரி, வந்ததிலிருந்து இதே வேலை.

“இன்னும் வரலையா அண்ணி?”

“வரும், வரும். நீ போய் உக்காரு.”

“எனக்குப் பாருங்க, நிக்கவே மாட்டேங்குது.” நாத்தனார் மூக்கை உறிஞ்சினாள். அது பொய்யில்லை. டிவியில் சமையல் போட்டியில் யாராவது தோற்றால்கூடத் தேம்பித் தேம்பி அழுகிற ஜென்மம் அது. “உள்ளயே வச்சுக்காதீங்க, உடம்புக்கு ஆகாது. அதோட, எல்லாரும் ஒரு மாதிரி பாக்கிறாங்க.”

பார்க்கத்தான் செய்தார்கள். மண்டபத்தின் முன்னால் பூக்களுக்கு நடுவே பெட்டி. அதற்குள் அவள் கணவர், இஸ்திரி போட்ட சட்டையில். உயிரோடு இருந்தவரை இஸ்திரிக்கு மடங்காத மனுஷன். லிஃப்ட் மெக்கானிக்குக்கு எதற்கு இஸ்திரி, கயிறு பாக்குமா, மோட்டார் பாக்குமா என்பார். பின்வரிசையில் அவரோடு வேலை பார்த்தவர்கள் கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தார்கள். சொந்தக்காரர்கள் பெட்டியை ஒரு பார்வை, அவளை ஒரு பார்வை என்று மாற்றி மாற்றிப் பார்த்தார்கள். இன்னும் கொஞ்ச நேரத்தில் பெட்டியை எடுத்துப்போக வண்டி வந்துவிடும்.

வேறு யாராவது அழாமல் உட்கார்ந்திருந்தால், பாவம், அதிர்ச்சியில் உறைந்துபோய்விட்டாள் என்று விட்டிருப்பார்கள். இவளை அப்படி விடமுடியாது. இவள் அழுது சம்பாதிக்கிறவள்.

அவளுடைய வேலை நோயாளியாக நடிப்பது. மேடையில் இல்லை, டாக்டர்களுக்கு முன்னால். படித்து, பட்டம் வாங்கி, போர்டு மாட்டி, தலை நரைத்த பிறகும் டாக்டர்கள் அவ்வப்போது வந்து திரும்பப் படித்துவிட்டுப் போகவேண்டும் என்று விதி இருக்கிறது. பெண்கள் உடம்பு பற்றிய வகுப்பு என்றால் அவளைத்தான் கூப்பிடுவார்கள். ஒருநாள் கரு கலைந்தவளாக வருவாள். மறுநாள் மாதவிடாய் நிற்கிற வயதில் தூக்கம் கெட்டவளாக வருவாள். நெஞ்சே வலிக்காமல், தாடை வலியும் அசதியுமாக மாரடைப்பு வந்தவளாகவும் வந்திருக்கிறாள். டாக்டர் எதிரில் உட்கார்ந்து விசாரிப்பார், மற்றவர்கள் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்து கவனிப்பார்கள். முடிந்ததும் அவள் அஞ்சுக்கு இவ்வளவு என்று மார்க் போடுவாள்.

ஒவ்வொரு கேஸிலும் ஒரு வரி ஒளிந்திருக்கும். குழந்தை பிறந்ததிலிருந்து தலைவலி என்று வருகிறவள், ‘பிள்ளையைத் தூக்கினா எனக்கு ஒண்ணுமே தோணல டாக்டர்’ என்பதை எடுத்த எடுப்பில் சொல்லமாட்டாள். டாக்டர் ‘வேற ஏதாவது சொல்லணுமா’ என்று கேட்கவேண்டும். கேட்டுவிட்டு வாட்சைப் பார்க்காமல், வாயைத் திறக்காமல், சும்மா இருக்கவேண்டும். இருந்தால் சொல்லுவாள். இல்லாவிட்டால் தலைவலி மாத்திரைச் சீட்டை வாங்கிக்கொண்டு கும்பிடு போட்டுவிட்டுப் போய்விடுவாள். டாக்டர் ஃபெயில்.

வீட்டில் ஒத்திகைக்குக் கணவர்தான் டாக்டர். சட்டைப் பையில் ஸ்பேனரோடு சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, எதைச் சொன்னாலும் முகத்தைத் தீவிரமாக வைத்துக்கொண்டு கேட்டுவிட்டு, “வாயுவா இருக்கும்” என்பார். தூக்கம் வரலையா, வாயு. கை மரத்துப்போகுதா, வாயு. ஒருதரம் ஏழு மாதக் கர்ப்பிணியாக வந்தபோதும் அதேதான். “இதுவும் வாயுதாம்மா, இன்னும் ரெண்டு மாசத்துல தானா வெளிய வந்துடும்.”

அழுகிற கேஸ் என்றால் அவளை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. இடது கண்ணில் முதலில் ஒரு துளி, அப்புறம் வலது கண். எப்படி முடிகிறது என்று வகுப்பு நடத்துகிற பேராசிரியை ஒருமுறை கேட்டபோது, “எங்க வீட்டுக்காரர் போய்ச் சேந்துட்ட மாதிரி நெனச்சுப்பேன் மேடம்” என்றாள். கணவருக்கு இதில் வருத்தமே இல்லை, ஒரே பெருமை. அவள் வேலை முடிந்து வந்து செருப்பைக் கழற்றும்போதே, “இன்னைக்கு எத்தனை தடவை என்னை மேல அனுப்பின?” என்று கேட்பார். அப்புறம் அவரும் நடிக்க ஆரம்பித்தார். அவள் உள்ளே வருகிற சத்தம் கேட்டதும் நாற்காலியில் சாய்ந்து, வாயைப் பிளந்து, ஒரு கையைத் தொங்கப் போட்டுக்கொண்டு செத்துக் கிடப்பார். அவள் மார்க் சொல்லவேண்டும். மூன்றுக்கு மேல் அவள் போட்டதே இல்லை. வாய் ரொம்பத் திறந்திருக்கு, வயிறு ஏறி இறங்குது என்று ஏதாவது குறை சொல்லுவாள். “அஞ்சுக்கு அஞ்சு வாங்காம நான் போகமாட்டேன், பாத்துக்கோ” என்பார் அவர்.

இப்போது அந்த மனுஷன் நிஜமாகவே போய்விட்டார். நேற்றிலிருந்து அவளும் முயற்சி பண்ணிக்கொண்டுதான் இருக்கிறாள். கண்ணை மூடிக்கொண்டு, வகுப்பில் செய்கிற மாதிரி, அவர் போய்விட்டதாக நினைத்துப் பார்த்தாள். ஒரு சொட்டு வரவில்லை. அவளுக்குப் பயமாக இருந்தது. அவருக்குச் சேரவேண்டிய கண்ணீரை முன்பின் தெரியாத டாக்டர்களுக்கு முன்னால் வருஷக்கணக்காக வாரி இறைத்துத் தீர்த்துவிட்டாளோ என்று தோன்றியது. காய்ந்த கண்ணோடு அவரை அனுப்பிவைத்தால், அதற்கப்புறம் அந்த வீட்டுக்குள் எப்படிப் போவது என்று தெரியவில்லை.

மகள் ரெண்டு காபியோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“அத்தை என்ன சொல்றாங்க?”

“வேற என்ன. அழச் சொல்றா.”

“வரலேன்னா விடும்மா. அப்பாவுக்குத் தெரியாதா உன்னைப் பத்தி?”

“அவருக்குத் தெரியும். எனக்குல்ல தெரியணும்.”

அப்போது தூரத்து உறவில் ஒருத்தர் வந்து கையைப் பிடித்து, எப்படி ஆச்சு என்று கேட்டார். அவள் சொன்னாள். “நேத்து காலைல நல்லாத்தான் இருந்தார். காபி குடிச்சார், பேப்பர் படிச்சார். நான் மாடில துணி காயப்போட்டுட்டு வந்தேன். அதுக்குள்ள நாற்காலியிலயே போயிட்டார். இதயம்னு சொன்னாங்க.” வந்தவர் தலையை ஆட்டிவிட்டு நகர்ந்தார்.

“கேஸ் சொல்ற மாதிரியே சொல்றம்மா நீ,” என்றாள் மகள். “எல்லார்கிட்டயும் ஒரே வார்த்தை. மூச்சு விடறதுகூட ஒரே எடத்துல.”

அவள் காபியைக் குடித்தாள். அதில் ஒரு வரியை அவள் யாரிடமும் சொல்லவில்லை. மகளிடமும்தான்.

கண்ணாடிக் கதவு திறந்து, வகுப்பு டாக்டர்கள் ஒரு கூட்டமாக வந்தார்கள். பூவை வைத்துவிட்டு, தெரியாத்தனமாக நாத்தனாருக்கு முன்வரிசையில் போய் உட்கார்ந்தார்கள். உட்கார்ந்தவர்கள் சும்மா இருந்திருக்கலாம்.

“எங்கிட்ட இவங்க கரு கலைஞ்சு வந்தாங்க,” என்றாள் ஒரு டாக்டரம்மா தாழ்ந்த குரலில். “அன்னைக்கு இவங்க அழுததை நான் இன்னும் மறக்கல.”

“எங்கிட்ட ரெட்டைக் குழந்தை,” என்றார் இன்னொருத்தர்.

“எங்கிட்ட அஞ்சாவது பிரசவம். வேணாம்னு வந்தாங்க, புருஷனுக்குத் தெரியாம.”

நாத்தனாரின் அழுகை சட்டென்று நின்றது. எழுந்தாள். விறுவிறுவென்று வந்து அண்ணியின் காதோரம் குனிந்தாள்.

“அண்ணி, ரெட்டைக் குழந்தையா? எங்க அண்ணன் எங்கிட்ட மூச்சு விடலையே. அஞ்சாவது வேறயாமே. மத்ததெல்லாம் எங்க?”

மகளுக்குக் காபி புரையேறிவிட்டது. அவள் மகளின் முதுகைத் தட்டப் போனாள், தட்டும்போதே அவளுக்கும் பொத்துக்கொண்டு வந்துவிட்டது. அழுகை இல்லை, சிரிப்பு. கைக்குட்டையால் வாயைப் பொத்தியும் அடங்கவில்லை. மண்டபம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. லிஃப்ட்காரர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். இதைக் கேட்டிருந்தால் அவர் என்ன சொல்லியிருப்பார் என்று நினைத்ததில் சிரிப்பு இன்னும் கூடியது. ரெட்டை வாயு என்றிருப்பார்.

மகள்தான் அத்தையை ஓரமாகத் தள்ளிக்கொண்டு போய் விளக்கம் சொன்னாள். சிரிப்பு அடங்கியதும் அவளுக்கு வெட்கமாகப் போய்விட்டது. ஊரெல்லாம் பார்க்க, கட்டின புருஷனைப் பெட்டியில் வைத்துக்கொண்டு சிரித்திருக்கிறாள்.

“அம்மா.”

நிமிர்ந்தாள். எக்ஸ்பிரஸ்.

அந்தப் பெயர் வைத்தது கணவர்தான். அவள் ஃபெயில் போட்டவர்களிலேயே திரும்பத் திரும்ப வந்து திரும்பத் திரும்ப ஃபெயிலானவர் இந்த டாக்டர். கெட்டவர் இல்லை. நிற்கத் தெரியாதவர், அவ்வளவுதான். நாற்காலியில் உட்கார்ந்தாலே முழங்கால் தையல் மெஷின் மாதிரி ஆடும். “வேற ஏதாவது சொல்லணுமா இல்லல்ல சரி அடுத்த வாரம் வாங்க” என்று ஒரே மூச்சில் சொல்லும்போதே கை கதவுக்குப் போய்விடும். “அந்த ஆளு லிஃப்ட்ல ஏறினா, கதவு மூடறதுக்குள்ள அடுத்த மாடிக்குப் படியில ஓடிடுவார் போலிருக்கே,” என்று கணவர் கதை கேட்டுவிட்டுச் சிரிப்பார்.

ஆறுதல், தைரியம், வரட்டுமா எல்லாவற்றையும் இப்போது ஒரே மூச்சில் சொல்லிவிட்டுப் போவார் என்று அவள் காத்திருந்தாள். டாக்டர் ஒரு நாற்காலியை இழுத்து, அவள் பக்கமாகத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தார்.

“எப்படிம்மா ஆச்சு?”

காபி, பேப்பர், மாடி, நாற்காலி, இதயம். அவள் சொல்லி முடித்தாள்.

“ம்,” என்றார் டாக்டர். கொஞ்சம் பொறுத்து, “வேற ஏதாவது சொல்லணுமாம்மா?” என்று கேட்டார்.

“இல்ல டாக்டர்.”

அவர் எழுந்திருக்கவில்லை. இல்லல்ல, சரி என்றும் சொல்லவில்லை. அவர் முழங்கால் ஆட ஆரம்பித்தது. அவர் அதை ஒரு கையால் அமுக்கிப் பிடித்துக்கொண்டார். உதடு ஒருதரம் பிரிந்து மறுபடியும் மூடியது. பின்னால் யாரோ இருமினார்கள், மூலையில் காபி மெஷின் உறுமி ஓய்ந்தது. அவர் அவள் முகத்தைப் பார்த்தபடியே இருந்தார். இப்படி உட்கார்ந்திருக்க இந்த மனுஷனுக்கு எவ்வளவு கஷ்டமாக இருக்கும் என்பது அவளுக்குத் தெரியும்.

“தினம் செத்த மாதிரி நடிப்பார் டாக்டர்,” என்றாள் அவள். “எனக்காக. நான் மார்க் போடணும்.”

டாக்டர் முழங்காலை அமுக்கியபடியே இருந்தார்.

“நேத்தும் அப்படித்தான்னு நெனச்சுட்டேன். மாடிலேருந்து வந்து பாத்தா, வாயைப் பொளந்துக்கிட்டு, கையைத் தொங்கப் போட்டுக்கிட்டு. ‘மட்டம். அஞ்சுக்கு ரெண்டுதான். எந்திரிங்க, அடுப்புல வேலை கிடக்கு’ன்னு சொல்லிட்டு உள்ள போயிட்டேன்.” அவள் கைக்குட்டையைச் சுருட்டினாள். “எவ்ளோ நேரம் உள்ளயே இருந்தேன்னு தெரியல. அங்கேருந்தே திட்டினேன் வேற. ரெண்டு மார்க் டாக்டர். அவ்ளோ சரியாப் பண்ணியிருக்கார், நான் ரெண்டு மார்க் போட்டுட்டேன்.”

அப்போது வந்தது. வகுப்பில் வருகிற மாதிரி இடது கண், வலது கண் என்று முறையாக வரவில்லை. கண்ணும் மூக்கும் ஒன்றாக ஒழுகியது, தோள் குலுங்கியது, தொண்டையிலிருந்து விக்கலும் இல்லாத கேவலும் இல்லாத ஒரு சத்தம் வந்தது. வகுப்பில் வேறு யாராவது இப்படி அழுதிருந்தால் ஓவர் என்று சொல்லியிருப்பாள். மண்டபத்தின் அந்தப் பக்கத்திலிருந்து நாத்தனார் எழுந்து ஓடிவரப் பார்த்தாள். மகள் அவள் கையைப் பிடித்து உட்காரவைத்தாள்.

அவள் அழுது ஓய்கிறவரை டாக்டர் அங்கேயே இருந்தார்.

வாசலில் வண்டி வந்து நிற்கிற சத்தம் கேட்டது. லிஃப்ட்காரர்கள் எழுந்து பெட்டிப் பக்கம் போனார்கள். அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு, நெஞ்சில் கையை வைத்தாள்.

“இங்க என்னமோ அடைக்குது டாக்டர்.”

டாக்டர் முகம் மாறியது. “தாடை வலிக்குதா? முதுகு?”

“ஒண்ணும் வலிக்கல.”

அவர் அவள் மணிக்கட்டைப் பிடித்து நாடியில் விரல் வைத்தார். கண் வாட்சுக்குப் போனது. போன கண் பாதியில் நின்று அவளிடம் திரும்பி வந்தது.

“அம்மா, வாட்சைப் பாக்கலாமா?”

“பாருங்க,” என்றாள் அவள். பெட்டியை மூடுவதற்காக மூடியைத் தூக்கிவிட்டார்கள். அவள் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“வாயுவா இருக்கும்,” என்றாள்.